சிவப்பு ரப்பர் பிடி

என் தங்கை நளினியின் புருஷன் திருவேங்கடத்தைப் பற்றி ஊரில் ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. புத்தலப்பட்டில் ரோட்டோரம் டீ குடிக்கிற எவனைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்வான். எந்த ராட்செட்டுக்கு எந்தப் பிடி என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்திய மேஸ்திரி, கடைசியில் எண்ணெய்க் கையோடு ரப்பர் பிடியைப் பிடித்துத் தன் விரலையே கெடுத்துக்கொண்டானாம். அது பொய். அந்தப் பொய்யை முதலில் சொன்னவனே திருவேங்கடம்தான், அதனால் யாரையும் சட்டையைப் பிடித்துக் கேட்கவும் முடியவில்லை. எனக்கு உண்மை தெரியும். ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி மூடிவைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

நான் தங்கவேலு. பங்காருபாளையம் மண்டியிலிருந்து மாங்காய் ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறேன். மாங்காய் இல்லாத மாதங்களில் தக்காளி, செங்கல், எது கிடைக்கிறதோ அது. தங்கை புருஷனை அவர், இவர் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் நானும் அவனும் ஒரே வயது, கல்யாணத்துக்கு முன்பே ஒரே வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்தவர்கள். அவனை அவர் என்று சொன்னால் அவனே சிரிப்பான். முன்பெல்லாம் சிரிப்பான் என்று சொல்ல வேண்டும்.

புத்தூர் பக்கத்தில் அவர்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம். பாகம் பிரித்தபோது அவனுக்கு வந்தது கிணறு இல்லாத மேட்டுத் துண்டு. "இதுல கல்லுதான் வெளையும், நீயே அறுத்துக்க" என்று அண்ணனிடம் விட்டுவிட்டுச் சித்தூர்-திருப்பதி ரோட்டுக்கு வந்தான். கோபிகிருஷ்ணன் என்கிற தெலுங்குக்காரர் அங்கே ஷெட் வைத்திருந்தார். லாரி, டிராக்டர், டெம்போ என்று லோடு வண்டிகள் மட்டும் வருகிற ஷெட். அதில் சேர்ந்தவன் அங்கேயே மேஸ்திரியாகி, அங்கேயே தலை நரைக்க ஆரம்பித்தான். குடிப்பதில்லை, சீட்டு ஆடுவதில்லை. ஒரே ஒரு கெட்ட பழக்கம், கருவிகளைப் பற்றிக் கேட்டால் பேச்சை நிறுத்தமாட்டான்.

ராட்செட் என்பது நட்டைக் கழற்றவும் இறுக்கவும் வைத்திருக்கிற கருவி. நீளமாக ஒரு கைப்பிடி, முனையில் ஒரு தலை. தலைக்குள்ளே ஒரு பல் சக்கரம், அந்தப் பல்லைக் கவ்விக்கொள்ள ஒரு சின்ன நாக்கு. ஒரு பக்கம் தள்ளினால் நட் திரும்பும், மறுபக்கம் கடகடவென்று சும்மா வரும். எடுத்து எடுத்து மாட்டவேண்டிய வேலை மிச்சம். கடையில் போய் நின்றால் குட்டைப் பிடி, நீளப் பிடி, வளைந்த பிடி, கழுத்து மடங்குகிற பிடி, ரப்பர் பிடி, மொட்டை இரும்புப் பிடி என்று தலை சுற்றும். அதனால் வாங்கப் போகிறவர்கள் முதலில் திருவேங்கடத்திடம் வருவார்கள். யார் வந்தாலும் அவன் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

"வீட்டுக்கா, ஷெட்டுக்கா?"

சித்தூரிலிருந்து ஒரு வாத்தியார் வந்திருந்தார். புதிதாக வாங்கிய பழைய காரை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஆசை. வீட்டுக்குத்தான் என்றார்.

"அப்ப ரப்பர் பிடியே வாங்குங்க சார். கைக்கு மெத்துன்னு இருக்கும். பல்லு பொடிசா பாத்து வாங்குங்க. சந்துல கைய இத்தினூண்டு அசைச்சாலே நட்டு திரும்பும். மாசத்துக்கு ஒரு தபா எடுப்பீங்க, தொடைச்சி பொட்டில வெப்பீங்க. அதுக்கு அதான் லாயக்கு."

"நீ மட்டும் ஏம்ப்பா மொட்ட இரும்பா வெச்சிக்கினு கீற?"

"இங்க டீசலு, பிரேக் ஆயிலு, மண்ணு. ரப்பரு டீசல் குடிச்சா சாம்பார்ல ஊறின வடை சார், புடிச்சா கையோட வந்துடும். பொடிப் பல்லுல அழுக்கு பூந்துச்சின்னா நாக்கு சரியா உக்காராது. நாம எக்கித் தள்றப்ப பார்த்து வழுக்கும். பெரும்பல்லுன்னா அழுக்கோட சேத்துக் கடிச்சிக்கும். ஷெட்டுக்கு அதான்."

இதை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. வாத்தியார் தலையாட்டிக்கொண்டு போனார். நானும் வழக்கம்போலக் கிண்டல் செய்தேன். இந்தப் பேச்சை ஒருநாள் வார்த்தை வார்த்தையாகத் திரும்ப நினைத்துப் பார்க்கப்போகிறேன் என்று அன்றைக்குத் தெரியாது.

மொட்டை இரும்பையே பிடித்துப் பிடித்து அவன் உள்ளங்கை பாளம் பாளமாக வெடித்திருந்தது. பனிக் காலத்தில் வெடிப்பில் ரத்தம் கசியும். குழம்புச் சோறு பிசைந்தால் மிளகாய்க் காரம் வெடிப்பில் ஏறி எரியும் என்று மோர்ச் சோற்றோடு எழுந்துவிடுவான். நளினி கொஞ்ச நாள் தன் குழம்புதான் சரியில்லையோ என்று நினைத்துக்கொண்டிருந்தாள். விஷயம் தெரிந்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தாள், மெழுகு வாங்கி உருக்கி வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

திருச்சானூர் அம்மனைப் பார்க்கப் போனவள், திரும்பும்போது திருப்பதியில் இறங்கி ஒரு கருவிக் கடைக்குள் தனியாகப் போயிருக்கிறாள். எங்கள் வீட்டுப் பெண்கள் நகைக் கடைக்கே தனியாகப் போகமாட்டார்கள். "மெக்கானிக்கு வேலைக்கு, கைக்கு மெத்துன்னு இருக்கறதா குடுங்க" என்று கேட்டிருக்கிறாள். கடைக்காரன் சிவப்பு ரப்பர் பிடி போட்ட ஒரு ராட்செட்டை எடுத்துக் கொடுத்தான். பளபளவென்று பெட்டி.

அவள் அதைக் கொண்டுவந்து கொடுத்தபோது நானும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். திருவேங்கடம் ராட்செட்டின் தலையைக் கையால் சுழற்றிப் பார்த்தான். சர்ர்ரென்று சன்னமான சத்தம். பொடிப் பல். நான் வாயெடுத்தேன், "மாப்ள, இது வீட்டுக்கு..." என்பதற்குள் என் காலை நன்றாக மிதித்தான்.

"ஷோக்கா கீது நளினி. கைக்கு பஞ்சு மாரி கீது."

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாணத்தன்று கூட அப்படிச் சிரித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

ஷெட்டில் சும்மா விடுவார்களா? மேஸ்திரி மெத்தை வாங்கினான், தலையணை எப்போது என்று கேட்டார்கள். அவன் கண்டுகொள்ளவில்லை. முதலில் லேசான வேலைக்கு மட்டும்தான் அதை எடுத்தான். டீசலில் அலசினால் ரப்பர் கெடும் என்று காய்ந்த துணியால் மட்டும் துடைப்பான். ஆனால் நளினி விடவில்லை. சாயந்திரம் வந்ததும், "அதுலதான வேல செஞ்ச?" என்று கையை விரித்துப் பார்ப்பாள். கையும் ஆறிக்கொண்டு வந்தது, அதை மறுக்க முடியாது. மறுபடி குழம்புச் சோறு பிசைந்து சாப்பிட்டான். மெல்ல மெல்ல எல்லா வேலைக்கும் அந்தச் சிவப்பே என்றாகிவிட்டது. காதலுக்குக் கண்ணில்லை என்பார்கள். மாப்பிள்ளைக்குக் கண் இருந்தது, தெரிந்தேதான் மூடிக்கொண்டான்.

அந்த வருஷம் ஆயுத பூசை வந்தது. ஷெட்டில் எல்லாக் கருவியையும் கழுவி அடுக்கிச் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். விஜயதசமி முடிந்து வேலை தொடங்குகிற காலையில், ஒரு தட்டில் டீசல் ஊற்றி ஒவ்வொன்றாக அலசி எடுத்துவிட்டுத்தான் வண்டியைத் தொடுவார்கள். சாமிக்கு வைத்தது சாமியோடு, வேலைக்கு வந்தது வேலையோடு. ஆனால் சிவப்புப் பிடிக்கு நளினி வீட்டிலேயே பூசை செய்தாள். முதல் பூசை அல்லவா, தாராளமாகச் செய்தாள். தலையைச் சுற்றி, பக்கம் மாற்றுகிற பொத்தானைச் சுற்றி, நட்டைக் கவ்வுகிற சாக்கெட்டை மாட்டும் கட்டையைச் சுற்றி, அப்பி அப்பிச் சந்தனம் வைத்தாள். அதன்மேல் குங்குமம். புருஷன் கையைக் காப்பாற்றிய பொருள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மொத வருசம் வெச்ச பொட்ட நாமளே அழிக்கக் கூடாதுங்க. தானா உதிரணும்" என்றாள்.

"செரி" என்றான்.

அந்தச் 'செரி'யோடு எல்லாம் முடிந்தது. வேலை தொடங்கிய காலையில் மற்றதையெல்லாம் டீசலில் அலசினான். சிவப்பை மட்டும் வெளியில் லேசாகத் துணியால் ஒற்றிவிட்டு எடுத்துக்கொண்டான்.

அன்றைக்கு ஷெட்டில் நின்றது என் வண்டி. பின்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டை உடைந்திருந்தது. பட்டை மாற்றி, அதைக் கட்டிப் பிடிக்கிற போல்ட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தான். வெளிப்பக்க நட்டுகளை நீளக் கம்பி போட்டு இறுக்கிவிட்டான். உள்பக்கம் ஒரு நட்டுக்கு மட்டும் கம்பி திரும்ப இடமில்லை. அங்கே ராட்செட்தான் போகும், அதையும் இழுக்க முடியாது, எதிர்ப்பக்கமாகத் தள்ளத்தான் முடியும். நான் பக்கத்தில் குந்திக்கொண்டு மண்டியில் அன்றைக்கு நடந்த சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் சிரித்துக்கொண்டே எக்கித் தள்ளினான். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பிடி வெறுமனே சுழன்றது. உடம்பின் மொத்தக் கனத்தோடும் அவன் விரல் முட்டி எதிரே இருந்த இரும்புத் தகட்டின் விளிம்பில் போய் இடித்தது.

அவன் கத்தவில்லை. "மச்சான், கைய பாரு" என்றான், அவ்வளவுதான். நான் பார்த்தேன். பார்த்ததை எழுத எனக்கு மனமில்லை.

என் வண்டி நகரமுடியாது என்பதால் வேறொருவன் டெம்போவில் திருப்பதி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். டாக்டர்கள் செய்யமுடிந்ததைச் செய்தார்கள். கட்டைப் பிரித்தபோது விரல் எல்லாம் இருந்தது, ஆனால் சுட்டுவிரலும் நடுவிரலும் மடங்கவில்லை. எதையோ சுட்டிக்காட்டுகிறவன் கை மாதிரி இரண்டும் நேராக நீட்டிக்கொண்டே நின்றன. இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் என் லாரி கேபினில் வந்து உட்கார்ந்தான். மடியில் அந்தச் சிவப்புப் பிடி.

"இதோட தலையத் தொற மச்சான்" என்றான்.

அவன் சொல்லச் சொல்ல நான் உள்வளையத்தை நெம்பி எடுத்தேன். சக்கரத்தை வெளியே இழுத்தேன். பொடிப் பல்லுக்கு நடுவே நடுவே சந்தனம் இறுகிக் கிடந்தது. குங்குமம் கலந்து செங்கல் நிறத்தில், நகத்தால் சுரண்டினாலும் வராத மாதிரி. நாக்கு உட்காருகிற இடத்திலும் அதேதான். பல்லின் நுனியை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றிருக்கிறது நாக்கு. லேசான வேலைக்குத் தாங்கியிருக்கும். எக்கித் தள்ளினால் எங்கே தாங்கும்?

அவன் கட்டைவிரலால் அந்தச் சக்கரத்தைத் தடவிப் பார்த்தான்.

"தொடைச்சிடு" என்றான்.

"மாப்ள, இது..."

"நான்தான் அலசியிருக்கணும். எனக்குத் தெரியாதா இன்னா? தொடைச்சிடு. நளினிக்கித் தெரியவே கூடாது. தெரிஞ்சா அவ சோறு துன்ன மாட்டா, தூங்க மாட்டா. கை போனது போச்சி, அவளும் போவணுமா?"

துடைத்தேன். டீசல் கேனைத் திறந்து, பழைய துணியால், ஊசியால் குத்திக் குத்தி எடுத்தேன். யாரிடமும் சொல்வதில்லை என்று என் பிள்ளைகள் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டான். கேட்டவர்களுக்கெல்லாம் அவன் சொன்ன பதில் ஒன்றுதான். கையில் எண்ணெய் இருந்தது, ரப்பர் வழுக்கியது.

ஆனால் அவன் அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. மேஸ்திரி அல்லவா. மடங்குகிற மூன்று விரலுக்குத் தகுந்த பிடி ஏதாவது இருக்கும் என்று நம்பினான். சித்தூரில் ஒரு பெரிய கருவிக் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "வீட்டுக்கா, ஷெட்டுக்கா?" என்று கேட்டார். அவனுடைய கேள்வியையே அவனிடம் கேட்டார் பாவம், அவருக்கென்ன தெரியும்.

"ஷெட்டுக்கு" என்றான், அழுத்தமாக.

நீள இரும்புப் பிடியை எடுத்தான். கட்டைவிரலும் கடைசி இரண்டு விரலும் சுற்றிப் பிடித்தன. மேஜை ஓரத்தில் வைத்து அழுத்தியதும் பிடி கையிலிருந்து புரண்டது. வளைந்த பிடியை எடுத்தான், புரண்டது. கழுத்து மடங்குவதை எடுத்தான். இடது கைக்கு மாற்றிப் பார்த்தான். இடது கையில் பலம் இருந்தது, பக்குவம் இல்லை. கடைசியில் கடைக்காரர் தானாகவே ஒரு தடித்த ரப்பர் பிடியை எடுத்து அவன் கையில் வைத்தார். அது நின்றது. அழுத்தினான், அப்போதும் நின்றது.

"இதுதான் உனக்குச் சரியா வருது. ஆனா இது வீட்டுக்குப்பா" என்றார் கடைக்காரர்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டான். ஒன்றும் வாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தான். எனக்கு அந்த ரோட்டில் போகிற ஒவ்வொருத்தன் கையையும் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது.

தன் பழைய இரும்புப் பிடியில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக்கொண்டு மறுபடி ஷெட்டுக்குப் போனான். கோபிகிருஷ்ணன் நல்ல மனுஷர்தான், குறை சொல்லமாட்டேன். ஒரு டிராக்டர் சக்கரத்தைக் கொடுத்து இறுக்கச் சொன்னார். இவன் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினான். அவர் பின்னாலேயே வந்து கம்பி போட்டு ஒவ்வொரு நட்டாகப் பார்த்தார். ஒவ்வொன்றும் இன்னும் திரும்பியது. டியூபின் மேல் டீசல் பட்டுப் பிசுபிசுவென்று நழுவ வேறு ஆரம்பித்திருந்தது.

அவர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். நான் வண்டியில் உட்கார்ந்திருந்தேன், எனக்குக் கேட்டது.

"நிஜம் செப்பு திருவேங்கடம். அன்னிக்கு ஏமி ஜரிகிந்தி, இன்னா நடந்துச்சி? கருவி மேல தப்புன்னா சொல்லு. நீ நட்டத் தொட வேணாம், உக்காந்துக்கினு பசங்க வேலய மேப்பார்வை பாரு, நான் வெச்சிக்கறேன். எண்ணெய்க் கையோட புடிச்சேன்னு நீயே சொல்லிக்கினு இருந்தா, மேப்பார்வைக்கு உன்ன எப்டி வெக்கிறது? அஜாக்கிரதைக்காரன் பாத்த வண்டிய எவன் எடுத்துக்கினு போவான்?"

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பூசைச் சந்தனம் உள்ளே போய்விட்டது என்று சொன்னால் எந்த மேஸ்திரியும் நம்புவான். ஆனால் ஷெட்டில் சொன்னது சாயந்திரத்துக்குள் தண்ணீர்க் குழாயடிக்கு வந்துவிடும், அங்கிருந்து நளினி காதுக்கு. எனக்கு இறங்கிப் போய் நானே கத்தவேண்டும் போலிருந்தது. பிள்ளைகள் மேல் செய்த சத்தியம் காலைக் கட்டியது.

"எண்ணெதான் ஓனர்" என்றான் திருவேங்கடம்.

"அப்ப நான் இன்னா செய்யட்டும்?" என்றார் அவர். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அதோடு ஷெட் போயிற்று. நளினி மாங்காய் சீசனில் மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்குத் தோல் சீவப் போனாள். சீசன் முடிந்ததும் யார் யார் வயலிலோ கடலை பிடுங்கப் போனாள். அவன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அக்கம்பக்கத்து மிக்ஸி, சைக்கிள், டீக்கடை அடுப்பு என்று கொண்டுவந்து கொடுப்பதைப் பார்த்தான். அந்தச் சில்லறை வேலைக்கெல்லாம் அவன் கைக்குத் தோதாக இருந்தது எது என்று நினைக்கிறீர்கள்? அதே சிவப்புப் பிடிதான். தடியாக, மெத்தென்று, மூன்று விரலுக்கும் அடங்கி. வீட்டுக்கென்று செய்த பிடி வீட்டுக்கே வந்து சேர்ந்தது. அவனையும் கூட்டிக்கொண்டு வந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். நளினியின் வாயைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கெட்டவள் இல்லை, என் தங்கை. களைத்துப் போய் வருகிறவள், மாங்காய்ப் பால் பட்டுக் கையெல்லாம் கொப்புளம். வந்ததும் ஆரம்பிப்பாள்.

"தனியா கடை ஏறிப் போயி, கைக்கு நோவக் கூடாதுன்னு பாத்துப் பாத்து வாங்கியாந்தேன். கையில கீற எண்ணெயத் தொடைக்க ஒரு துணி கெடைக்கல இந்த மனுசனுக்கு. கொஞ்சம் கவனமா இருந்திருந்தா இன்னிக்கு நான் ஏன் ஊரான் வயல்ல கெடக்கறேன்? நீயே சொல்லுணா."

என்னைத்தான் கேட்பாள். அவன் அந்தப் பக்கம் குனிந்து மிக்ஸி மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருப்பான். எனக்கு நாக்கின் நுனி வரை வரும். அவன் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பான். சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு வண்டி எடுக்கணும் என்று எழுந்து வந்துவிடுவேன். எத்தனை முறை அப்படி வந்தேனோ. அந்த வீட்டுக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன்.

மறுபடி ஆயுத பூசை வந்தது. வரச்சொல்லி நளினியே போன் செய்தாள். ஷெட் இல்லை என்றாலும் கருவிக்குப் பூசை உண்டு, அண்ணன் வந்து தேங்காய் உடைக்க வேண்டும் என்றாள். பொரி, சுண்டல், வாழை இலை எல்லாம் தயாராக இருந்தது. அன்றைக்கு அவளுக்கு வேலை இல்லை, தலைக்குக் குளித்து, முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. திருவேங்கடமும் புதுச் சட்டை போட்டிருந்தான். வருஷத்துக்கு ஒருநாளாவது இவர்கள் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

இலை மேல் கருவிகளை வரிசையாக வைத்தாள். சுத்தியல், குறடு, பானா, ஸ்க்ரூ டிரைவர். ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் சிவப்புப் பிடியைக் கையில் எடுத்தாள். கிண்ணத்திலிருந்து சந்தனத்தை ஒரு உருண்டையாக வழித்து எடுத்து, பொத்தானுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

திருவேங்கடத்தின் கை குறுக்கே பாய்ந்தது. யோசித்துச் செய்தது இல்லை, அடுப்பில் விழப்போகிற குழந்தையைப் பிடிக்கிற மாதிரிப் பாய்ந்தது. அந்த இரண்டு விரலும் விறைத்து நீட்டிக்கொண்டிருக்க, உள்ளங்கையால் ராட்செட்டின் தலையை மூடிக்கொண்டான். சந்தனம் அவன் புறங்கையில் அப்பிக்கொண்டது.

"அதுக்கு வேணாம்" என்றான்.

"ஏன்? போன வருசம் வெச்சமே."

"வேணாம் வுடு நளினி."

"சாமிக்கு வெக்கறத வேணாம்பாங்களா? கைய எடு. தலைக்குத்தான் வெக்கணும், போன தபா கூட நல்லா உள்ள போற மாரி..."

பேச்சு அங்கேயே அறுந்தது. அவன் கையைப் பார்த்தாள். தன் விரல் நுனியில் இருந்த சந்தனத்தைப் பார்த்தாள். பிறகு ராட்செட்டை அவன் கைக்கடியிலிருந்து மெல்ல உருவி, ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். சர்ர்ரென்று சுத்தமான சத்தம். ஷெட்டுக்காரன் பொண்டாட்டி அவள், பொடிப் பல் பேச்சை என்னைவிட அதிகமாகக் கேட்டவள்.

அவள் அவனைக் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"நான் வெச்ச சந்தனமாணா?"

என் தங்கையிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"எண்ணெ" என்றான் திருவேங்கடம் அவசரமாக. "கையில எண்ணெ இருந்துச்சி. எண்ணெதான் நளினி. நான்தான் சொல்றேன் இல்ல?"

அவன் சொன்னது அவள் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. ஒரு வருஷமாக அவனைச் சொன்ன சொல்லெல்லாம் அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போனது, நான் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து உள்ளே போய் மண்ணெண்ணெய் பாட்டிலும் ஒரு கந்தல் துணியும் எடுத்துக்கொண்டு வந்தாள். இலைக்கு முன்னால் உட்கார்ந்து, தான் வைத்த சந்தனத்தை ஒவ்வொரு கருவியிலிருந்தும் துடைக்க ஆரம்பித்தாள். குறட்டைத் துடைத்தாள், பானாவைத் துடைத்தாள். சுத்தியலில் பல்லும் இல்லை நாக்கும் இல்லை, அதையும் எடுத்துத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள்.

"நளினி, வுடு" என்றான் அவன். "கற்பூரம் ஏத்து. மச்சான் காத்துக்கினு கீறாரு."

அவள் விடவில்லை. கருவியெல்லாம் முடிந்ததும் அவன் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, புறங்கையில் அப்பியிருந்ததையும் துடைத்தாள். மடங்காத அந்த இரண்டு விரலுக்கு வந்ததும் துணி நின்றுவிட்டது. நான் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் கற்பூரம் ஏற்றவில்லை.